20 மில்லிமீட்டர் துளையும் கொஞ்சம் தெர்மாகோலும்

(ஆண்டுச் சந்திப்பில் இயந்திரவியல் துறைப் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



தலைவர் கொடுத்தது பத்து நிமிஷம். நேரா விஷயத்துக்கு வர்றேன்.

நம்ம பிள்ளைங்க ஃபார்முலா பாரத் மாணவர் போட்டிக்குப் பந்தயக் கார் கட்டிக்கிட்டிருக்காங்க. காலையில் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். காற்று உள்ளே போகும் இன்டேக்கை வெளியூரில் கார்பன் ஃபைபரில் செய்து வாங்க விலை கேட்டிருக்கிறார்கள். அந்தத் தொகை ஒரு பையனுடைய செமஸ்டர் ஃபீஸ். வீட்டில் கேட்டு வாங்கிய பணம். அது வேண்டாம்னு சொல்லத்தான் இந்த மைக்கைப் பிடித்தேன்.

முதல்ல விதி. பெட்ரோல் எஞ்சின் என்றால், அதற்குப் போகும் காற்று அத்தனையும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் போக வேண்டும். த்ராட்டில் முன்னால், துளை அடுத்து, பிறகு எஞ்சின். துளையில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால், எஞ்சின் என்னதான் உறிஞ்சினாலும் அதற்குமேல் வராது. கடல் மட்டத்தில், 27 டிகிரி வெப்பத்தில், கணக்குப்படி வினாடிக்கு ஏறத்தாழ 74 கிராம்.

நீங்க வச்சிருக்கிறது 373 சி.சி. ஒற்றை சிலிண்டர். 9,000 சுற்றில் அது வினாடிக்குக் கேட்பது 28 லிட்டர் காற்று. எடையில் 33 கிராம். "பாதிகூட இல்லையே சார், அப்புறம் என்ன கவலை?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. நாலு ஸ்ட்ரோக்கில் உறிஞ்சுவது ஏறக்குறைய ஒரு ஸ்ட்ரோக்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் அது இழுப்பது சராசரியைப் போல மூணு, நாலு மடங்கு. அங்கேதான் துளை கழுத்தைப் பிடிக்கிறது. அதனால்தான் துளைக்கும் எஞ்சினுக்கும் நடுவே பிளீனம் என்கிற காற்றுக் கலம். மாடித் தொட்டி மாதிரிதான். குழாயில் நூலாக வந்தாலும், தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை குளிக்கிறவருக்குத் தெரியாது. ரொம்பப் பெரிசாக்கினால், மிதித்த பிறகு எஞ்சின் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும்.

துளைப் பகுதியை மட்டும் அலுமினியத்தில் லேத்தில் கடையுங்கள். நுழைவாய் மணியின் வாய் போல வளைந்து இறங்கட்டும். வெளியேறும் பக்கம் மெதுவாக விரிய வேண்டும். கூம்பின் மொத்தக் கோணம் 7 முதல் 12 டிகிரி. அவசரமா விரிச்சா காற்று சுவரை விட்டுப் பிரிந்து சுழலும், இழந்த அழுத்தம் திரும்பாது. விட்டத்தை 19.9-இல் நிறுத்திவிடுங்கள், பரிசோதனையில் வம்பு வராது. காசைப் பார்க்காமல் செய்ய வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

கலத்துக்குத் தெர்மாகோலைச் செதுக்கி, மேலே கண்ணாடி இழைத் துணியும் எபாக்ஸியும் பூசுங்கள். விலை குறைவென்று பாலியெஸ்டர் ரெசின் வாங்கிடாதீங்க. அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைத் தின்றுவிடும். கண்ணெதிரே அச்சு காணாமப் போகும். எபாக்ஸி நன்றாக இறுகிய பிறகு, திறந்த வெளியில், நெருப்பு அண்டாத இடத்தில் வைத்து உள்ளே அசிட்டோன் ஊற்றினால் தெர்மாகோல் பிசினாகக் கரைந்து வந்துவிடும். ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அது போய்ச் சேரும் இடம் சிலிண்டர். பேக்ஃபயர் தாங்க வேண்டும். நாலைந்து அடுக்குக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். கலத்திலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் நீளத்தை முதலில் ஒன்றுக்குள் ஒன்று நகரும் இரண்டு குழாய்களால் மாற்றிப் பாருங்கள். எந்தச் சுற்றில் இழுவை வேண்டுமோ அதற்கேற்ற நீளம் கிடைத்ததும் நிரந்தரமாக ஒட்டலாம்.

காரை ஷெட்டை விட்டு எடுக்குமுன் ஒரு சோதனை. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, ஒரு தட்டை அட்டையால் நுழைவாயை அடைத்துப் பிடியுங்கள். உடனே நிற்க வேண்டும். நிற்கலைன்னா எங்கோ கசிவு, திருட்டுக் காற்று. நடுவர் கண்ணில் அது ஏமாற்று வேலை.

வாயை ரேடியேட்டர் காற்றுக்கு எதிரே வைக்காதீர்கள். 30 டிகிரிக் காற்று 50 ஆனால் அடர்த்தி 6 சதவீதம் குறையும். ஃபோம் ஃபில்டர் கட்டாயம் போடுங்க.

நண்பர்களே, உங்களில் எத்தனை பேர் பட்டறை வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நன்கொடைப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே ரெண்டு மணி நேரம் லேத்தையும் கொடுங்க. எங்க பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை லேத் சும்மாதான் கிடக்கு. தம்பிகளா, அலுமினியத் துண்டும் வரைபடமும் கொண்டு காலை ஒன்பது மணிக்கு வாங்க. கடையறது நீங்கதான், நான் பக்கத்துல நிக்கிறேன்.