மேல் மதகை மூடியாச்சா?



மதகை மூடாமல் விட்டதற்காக உங்களில் பலரை நான் கடிந்து பேசியிருக்கிறேன். அதே தப்பை நானே செய்த கதையை இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

நடந்த இடம் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரம். உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒருநாள் அவர்களோடு கால்வாய்ப் படகில் போனேன். மேட்டில் இருக்கிற அந்த ஊருக்கு நிலக்கரி கொண்டுவர 1769-ல் கால்வாய் திறந்தார்கள். இப்போது அதில் பெரும்பாலும் உல்லாசப் படகுகள்தாம். படகின் அகலம் 7 அடிக்கும் சற்றுக் குறைவு. நீளம் 70 அடி வரை இருக்கும். வேகமோ நாம் நடக்கிற வேகம்தான்.

நகரின் நடுவே ஓரிடத்தில் கால்வாய் சுமார் 80 அடி இறங்குகிறது. அந்த இடத்தின் பெயர் ஃபார்மர்ஸ் பிரிட்ஜ். நம் பேச்சில் சொன்னால் 'உழவர் பாலம்'! படகு படிக்கட்டில் இறங்குமா? இறங்குகிறது. அங்கே 13 'லாக்'குகள் இருக்கின்றன. லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த கல் தொட்டி. நிரம்பிய தொட்டிக்குள் படகு நுழைந்ததும் மேல் கதவையும் அதன் ஷட்டர்களையும் மூட வேண்டும். பிறகு கீழ் ஷட்டரைத் திறந்தால் தண்ணீர் வடியும். படகும் கூடவே இறங்கும். உள்ளேயும் வெளியேயும் மட்டம் ஒன்றானால்தான் கீழ்க் கதவு அசையும். அதுவரை எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது.

ஷட்டரைத் திருகும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நாலைந்து லாக் நன்றாகவே கடந்தோம். அடுத்ததில் பேச்சுவாக்கில் மேல் ஷட்டரைப் பாதி மூடியதோடு விட்டுவிட்டு, கீழ் ஷட்டரைத் திறந்துவிட்டேன். கால் மணி ஆகியும் கதவு திறக்கவில்லை. கீழே போகிற தண்ணீருக்கு ஈடாக மேலேயிருந்து வந்துகொண்டே இருந்தது. திரும்பிப் பார்க்கிறேன், மேலே அடுத்து வரக் காத்திருந்த படகு சேற்றில் தட்டி நிற்கிறது! அங்கே ஒரு லாக்குக்கும் அடுத்த லாக்குக்கும் இடையிலே தண்ணீர் கொஞ்சம்தான், சீக்கிரம் வடிந்துவிட்டது.

படகிலிருந்த பெரியவர் கோபிக்கவில்லை. "மேல் மதகை மூடியாச்சா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஓடிப்போய் மூடினேன். மேல் லாக் வழியாகத் தண்ணீர் விட்டு அவர் படகை மிதக்க வைக்க அரைமணி ஆயிற்று.

இதிலே கணக்கு என்ன? ஒரு லாக் 7 அடி அகலம், 72 அடி நீளம், 6 அடி இறக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 85,000 லிட்டர் வடிகிறது. முக்கால் ஏக்கருக்கு மேலே ஓர் அங்குலம் பாய்ச்சலாம்! அதனால் எதிரே படகு ஏறி வருகிறது என்றால், காலியான லாக்கை அதற்கே விட்டுக் காத்திருப்பார்கள். ஒன்று இறங்க, ஒன்று ஏற, ஒரே தொட்டித் தண்ணீர் இரண்டு படகுக்கு உதவுகிறது. மழை நிறையப் பெய்கிற நாட்டிலேயே இந்தச் சிக்கனம் பாருங்கள்.

நம் வாய்க்காலிலும் இதுதானே நடக்கிறது? முறை முடிந்த பிறகும் நம் மடை பாதி திறந்து கிடந்தால், நமக்கு ஒன்றும் தெரியாது. கடைமடைக்காரர் வயல்தான் வெடிக்கும். ராத்திரி ஊருக்குத் திரும்பும் முன்னே, மடையை அடைத்து, கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். "மூடியிருப்பேன்" என்ற நினைப்பு போதாது. எனக்கும் அப்படித்தான் நினைப்பு இருந்தது.