தனக்குத் தானே தரும் நூல்



பருவத்துக்கேற்ற நூல் வேண்டும் என்பதை உணர்ந்தே, 19ஆம் நூற்றாண்டில் நல்லூர் ஆறுமுக நாவலர் பாலபாடங்களை வரிசைப்படுத்தி அச்சிட்டார். பள்ளி நீங்கியபின் நமக்கு அவ்வாறு வகுத்துத் தருவார் இலர். நாமே நமக்கு ஆசிரியராதல் வேண்டும்.

இளமையில் திருக்குறள் மூலத்தை வாங்குக. இல்லறம் ஏற்றபின் அதனையே பரிமேலழகர் உரையுடன் மீண்டும் வாங்குக. முன்பு மனனம் செய்த குறள் அப்பொழுதுதான் பொருள் தரும். ஓய்வு பெறுங்காலத்து உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ துணையாகட்டும். ஏடு தேடியே ஒருவர் வாழ்நாளை நிறைத்த வரலாறு அது.

நூலகம் இருக்க, விலைகொடுத்து வாங்குவது ஏன் என்பீர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வீடுதோறும் ஒரு பிரதி இருப்பின் அது நமக்குத் துணை, நூலுக்கும் காவல்.

கொடிகாமச் சந்தைக்குச் செல்லும் பையில் ஆண்டுக்கொருமுறையேனும் ஒரு நூலுக்கு இடம் வையுங்கள்.