விசாகா தீர்ப்பில் விடுபட்ட சாதி



பெண்களுக்கு அதிகாரம் அளிப்போம் என்று அரசுகள் பேசும்போதெல்லாம் எனக்கு பன்வாரி தேவி நினைவுக்கு வருகிறார். ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்துக்காரர். மண்பாண்டம் செய்யும் கும்ஹார் சாதி. அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்', அதாவது தோழி, என்ற பெயரில் வேலை செய்தார்.

1992இல் குஜ்ஜர் குடும்பம் ஒன்றில், ஒரு வயதுகூட நிரம்பாத பெண் குழந்தையின் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அது அரசு கொடுத்த வேலை. அதற்குப் பழிவாங்கக் கூட்டு வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டார். ஆதிக்கச் சாதி ஆண்கள் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்ற வாதத்தையும் ஏற்று, 1995இல் விசாரணை நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து ஐவரையும் விடுவித்தது.

அவருக்கு நேர்ந்ததை முன்வைத்துப் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் சென்றன. 1997இல் விசாகா வழிகாட்டுதல்கள் வந்தன. 2013இல் சட்டம் வந்தது. ஆய்வு மாணவியான எனக்கும் அந்தச் சட்டம்தான் பாதுகாப்பு. ஆனால் விசாகா தீர்ப்பில் அவர், கிராமத்துச் சமூகப் பணியாளர் ஒருவர், அவ்வளவுதான். பெயரைச் சொல்லாததில் நியாயம் உண்டு. சாதியைச் சொல்லாததில்?

அந்த மௌனம் சட்டத்திலும் தொடர்கிறது. மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அல்லது சிறுபான்மைப் பெண் ஒருவராவது இருக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். நிறுவனங்களின் உள்ளகப் புகார்க் குழுவுக்கு அது அந்த நிபந்தனையை வைக்கவில்லை.

தோழர்களே, நாளை உங்கள் வளாகத்துப் புகார்க் குழுவின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் எத்தனை தலித், பழங்குடிப் பெண்கள் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஒருவரும் இல்லையென்றால், அங்கிருந்து தொடங்குவோம்.