வீடு திரும்பிய பின்

(ஆவுடையார்கோயில் ஆனித் திருமஞ்சனப் பெருவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



மணிவாசகப் பெருமான் குருவருள் பெற்ற திருப்பெருந்துறையாகிய இத்திருத்தலத்தில், ஆனிப் பெருவிழா நாளில் உங்கள்முன் நின்று பேசும் பேற்றை ஆத்மநாதப் பெருமான் எமக்கு அருளியிருக்கிறான். கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன. சென்ற திங்களில் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் சென்றவர்கள், காசிக்கும் இராமேசுவரத்துக்கும் சென்றவர்கள், சென்னையிலே மக்கள் வீட்டுக்குச் சென்றவர்கள் எல்லோரும் ஊர் திரும்பியிருக்கிறார்கள். ஆகவே இன்று ஊர் திரும்புதலைப் பற்றியே சிந்திக்கலாம் என்று எண்ணுகிறோம்.

பயணம் முடித்து வருகிறவர் வாசற்படியில் கால் வைத்ததும் என்ன சொல்கிறார்? "அப்பாடா! என்ன இருந்தாலும் நம் வீடு போல வருமா?" என்கிறார். பத்து நாளைக்கு முன் அந்த வீட்டைப் பற்றி அவர் சொன்னது வேறு. "இந்தப் புழுக்கத்தில் எப்படி இருப்பது? தினமும் இதே குழம்புதானா?" என்று அலுத்துக்கொண்டுதான் புறப்பட்டார். பத்து நாளில் வீடு மாறிவிடவில்லை. அதே திண்ணை, அதே மண்பானைத் தண்ணீர், அதே பாய், அதே குழம்பு. மாறியது எது? அவர் கண் மாறியது. வீட்டின் அருமையை வீட்டுக்குள் இருந்துகொண்டே அறிவது அரிது. விட்டுப் பிரிந்தவனுக்கே அது விளங்குகிறது.

நம் தமிழில் ஓர் அழகு உண்டு. அறம், பொருள், இன்பம், வீடு என்று உறுதிப் பொருள்கள் நான்கினை வகுத்தார்கள் முன்னோர். நாம் உண்டு உறங்கும் இல்லத்துக்கும் வீடு என்றே பெயர்; உயிர் இறுதியாக அடையும் பேரின்பத்துக்கும் வீடு என்றே பெயர். 'விடு' என்பதிலிருந்து பிறந்தது அச்சொல் என்பர். அலைச்சலை விட்டு உடல் இளைப்பாறும் இடம் ஒரு வீடு. பாசத்தை விட்டு உயிர் இளைப்பாறும் இடம் மற்றொரு வீடு. இந்தச் சிறிய வீட்டின் அருமையை உணராதவன் அந்தப் பெரிய வீட்டின் அருமையை எங்ஙனம் உணர்வான்?

அப்பரடிகள் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். கயிலையைக் கண்டே தீர்வது என்று உறுதி பூண்டு வடக்கே சென்றார். காசியையும் கடந்து தனியே நடந்தார். கால்கள் தேய்ந்தன, கைகளால் தாவிச் சென்றார். கைகளும் தேய்ந்தன, மார்பினால் ஊர்ந்தார், பின் உருண்டும் சென்றார். இறைவன் முனிவர் வடிவில் எதிரே வந்து, "இவ்வுடம்போடு கயிலை காணல் அரிது, திரும்பிப் போம்" என்று சொல்லியும் அவர் உடன்படவில்லை. பெருமான் ஒரு பொய்கையைக் காட்டி மூழ்கச் சொன்னான். இமயத்துப் பொய்கையில் மூழ்கியவர் எழுந்தது எங்கே? திருவையாற்றுக் குளத்திலே! காவிரிக்கரையில், தாம் முன்பே அறிந்திருந்த தம் நாட்டிலேயே, கயிலைக் காட்சி கண்டார் என்று சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார்.

அங்கே அவர் கண்டவை எவை? யானையும் கோழியும் குயிலும் இணை இணையாக வந்தன. நாள்தோறும் யாரும் காணும் உயிர்கள்தாம். அவற்றையே அம்மையப்பராகக் கண்டார். அப்படியானால் அத்தனை தூரம் நடந்தது வீணா? வீணன்று. தேய்ந்த காலும் கையும் அல்லவோ அந்தக் கண்ணைக் கொடுத்தன! போய் வந்தவனுக்கே இருந்த இடம் புலப்படும். பயணத்தின் பயன் அதுதான்.

சேக்கிழார் காட்டிய பேருண்மை இருக்கட்டும். எம் சிறிய அனுபவம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அது பெருமை தருவதன்று. ஆயினும் மறைப்பது முறையன்று.

சில ஆண்டுகளுக்கு முன் யாமும் அன்பர் சிலரும் காசி யாத்திரை சென்றோம். பதினைந்து நாள். கங்கையில் நீராடினோம், விசுவநாதரைத் தரிசித்தோம், உள்ளம் நிறைந்தது. ஆனால் நான்காம் நாளே உடம்பு முணுமுணுக்கத் தொடங்கியது. இரயில் பெட்டியின் புழுதி, சத்திரத்துப் படுக்கை, பழக்கமில்லாத உணவு. ஒருவர் இரசத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டார். இன்னொருவர் வீட்டுக் கிணற்றடியை நினைத்தார்.

காசிக்குச் சென்றவர்கள் காய் ஒன்று, கனி ஒன்று விட்டு வரவேண்டும் என்பது நம்மவர் வழக்கம். விருப்பமானதை விடுவதே முறை. எம்முடன் வந்த அன்பர் ஒருவர், "பாகற்காயை விட்டுவிட்டேன்" என்றார். அவர் பிறந்தது முதல் பாகற்காயைத் தொட்டதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்! சிரித்தோம். பிறகுதான் நினைவு வந்தது: நம் பெருந்துறைப் பெருமானுக்கு நிவேதனமாவது புழுங்கல் அரிசிச் சோறும் கீரையும் பாகற்காயும் அல்லவா! இறைவன் ஏற்கும் காயைக் காசியிலே விட்டுவிட்டு வருகிறாரே என்று எண்ணியபோது சிரிப்பு அடங்கிவிட்டது. காசியில் விட வேண்டியது பாகற்காய் அன்று. இலையின் முன் அமர்ந்து குறை சொல்லும் நாவின் பழக்கத்தைத்தான் விட வேண்டும் என்று தோன்றியது.

ஊர் திரும்பினோம். விடியற்காலை. வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. செம்பு நிறையத் தண்ணீர் வந்தது. குளித்து வந்ததும் இலையில் ஆவி பறக்கச் சோறு விழுந்தது. "ஆகா! பதினைந்து நாளாக இதற்குத்தானே ஏங்கினோம்!" என்று வாய்விட்டுச் சொன்னோம். வீட்டின் சுகத்தைப் பற்றி ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றிவிட்டோம்.

எம் இல்லத்தரசியார் பரிமாறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் யாத்திரைக்கு வரவில்லை. எம் தாயார் தள்ளாத வயதில் படுக்கையில் இருந்தார். தொழுவத்தில் கறவை மாடு இருந்தது. "எல்லோரும் போய்விட்டால் வீட்டை யார் பார்ப்பது?" என்று சொல்லித் தங்கிவிட்டார். யாமும் மறு சொல் சொல்லாமல் புறப்பட்டிருந்தோம். சோறு இட்டு முடித்தபின் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "கங்கை நம் வெள்ளாற்றைவிட ரொம்ப அகலமோ?"

அன்பர்களே! அந்தக் கேள்விக்கு எமக்கு விடை வரவில்லை. குறையாக அவர் கேட்கவில்லை. அறிந்துகொள்ளும் ஆவலில் கேட்டார். ஆனால் அந்த ஒரு கேள்வியிலே ஒன்று விளங்கிவிட்டது. "நம் வீடு போல வருமா?" என்று சொல்லும் இன்பம், வெளியே சென்று வந்தவனுக்கு மட்டுமே உண்டு. வீட்டை விட்டு நகராதவருக்கு அந்த இன்பம் எங்கே? யாம் சுகம் என்று புகழ்ந்த ஒவ்வொன்றும் அவருக்கு வேலை. செம்புத் தண்ணீர் என்றால் கிணற்றில் இறைத்த தண்ணீர். கோலம் என்றால் நான்கு மணிக்கு எழுந்த எழுச்சி. எரிந்த விளக்கு என்றால் பதினைந்து நாளும் தவறாமல் இட்ட திரி.

மறு ஆண்டு, ஊர்ப் பெண்கள் சிலர் காசிக்குப் புறப்பட்டபோது அவரையும் அனுப்பினோம். யாம் வீட்டில் இருந்தோம். தாயாருக்குக் கஞ்சி காய்ச்சினோம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினோம், விளக்கு ஏற்றினோம். வீட்டுச் சுகம் என்பது தானாக விளைவதன்று, ஒருவர் உழைப்பிலே சமைவது என்பதை அந்தப் பதினைந்து நாளில் கற்றோம். அவர் திரும்பி வந்த அன்று வாசலில் யாம் போட்ட கோலம் கோணல்தான். ஆயினும் உள்ளே வந்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, "நம் வீட்டுத் தண்ணீர் போல வராது" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்க எமக்கு முப்பது ஆண்டு ஆயிற்று.

இனி இத்தலத்து மூலத்தானத்தை நோக்குங்கள். இங்கே இலிங்கத் திருமேனி இல்லை. ஆவுடை மட்டுமே உண்டு. கொடிமரம் இல்லை; நந்தி இல்லை. அருவமாக நிற்கும் அப்பெருமானுக்குப் புழுங்கல் அரிசிச் சோற்றைச் சூடாகக் கொணர்ந்து படைக்கல்லிலே பரப்புகிறார்கள். எழும் ஆவியையே இறைவன் ஏற்கிறான். அவன் இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக வந்தமர்ந்து, வீட்டுக்கு வீடு இட்ட எளிய உணவை உண்டான், அதனாலேயே இந்த நிவேதனம் என்று ஒரு வழக்கு உண்டு. என்ன கருணை! பெருமான் விரும்பியது அரண்மனை விருந்து அன்று. நம் வீட்டுச் சோற்றை விரும்பினான். அடுப்பின் முன் நின்று வேகும் தாய்மாரின் உழைப்பு அந்த ஆவியாய் எழுந்து அவனைச் சேர்கிறது. இனி உங்கள் இலையில் ஆவி எழும்போது, அதன் பின்னே ஒருவர் நின்றிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அருகில் இருப்பதை அறியாமை நம் எல்லோருக்கும் பொதுவான நோய். இக்கோயிலின் கொடுங்கையைப் பாருங்கள். பண்டைச் சிற்பிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கை போன்ற வேலை நீங்கலாக என்று எழுதிக்கொள்வார்கள் என்று சொல்வதுண்டு. கல்லை ஓடு போல மெல்லிதாக்கி, மரச்சட்டமும் ஆணியும் வேய்ந்தாற்போல் செதுக்கிய அருமை அது. அதைக் காண எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நம்மில் எத்தனை பேர் அண்ணாந்து பார்த்திருக்கிறோம்?

நம் மாவட்டத்துக்கு ஊர் விட்டு ஊர் போதல் புதிதன்று. கோனாபட்டு, இராயவரம், நச்சாந்துபட்டி, மேலைச்சிவபுரி போன்ற நகரத்தார் ஊர்களிலிருந்து கொண்டுவிற்கப் பர்மாவுக்குச் சென்றோர் பலர். பர்மாத் தேக்கால் தூண் நிறுத்தி, வளவு வளவாக வீடு கட்டினார்கள். ஆனால் அவ்வீட்டில் அவர்கள் வாழ்ந்த நாள் குறைவு. 1941 டிசம்பரில் இரங்கூனில் குண்டு விழுந்தது. 1942இல் இந்தியர் பல இலட்சம் பேர் பர்மாவை விட்டு வெளியேறினர். மலையும் காடும் கடந்து நடந்து வந்தோர் மிகப் பலர். வழியிலேயே மாண்டவரும் பலர். தேடிய பொருளெல்லாம் அக்கரையிலே நின்றுவிட்டது. அப்படி நடந்து வந்தவன் நாடியது தேக்குத் தூணையா? ஒரு செம்புத் தண்ணீரையும் பெற்றவள் குரலையுமே அல்லவா?

இன்றும் நம் இளைஞர்கள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கிறார்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒரு மாத விடுப்பில் வருகிறார்கள். நமக்கு வெளியூர் செல்வது விடுமுறை. அவர்களுக்கோ வீட்டில் இருப்பதே விடுமுறை. நாம் நாள்தோறும் அலுத்துக்கொள்ளும் குழம்பை அங்கே ஒருவன் நினைத்துக்கொண்டே உறங்குகிறான் என்பதை மறவாதீர்கள்.

நிறைவாக, இவ்விழாவின் நாயகராம் மணிவாசகரிடம் வருவோம். அவரும் ஒரு பயணியாகவே இவ்வூருக்கு வந்தார். பாண்டியனின் அமைச்சர்; குதிரை வாங்க அரசன் பொருளோடு வந்தவர். குருந்த மரத்தடியில் குருநாதனைக் கண்டார். வந்த வேலை மறந்தது. கொண்டு வந்த பொருள் திருப்பணி ஆயிற்று. பின் மதுரைக்குத் திரும்பினார். ஆனால் அமைச்சர் மாளிகை அவருக்கு வீடாகத் தோன்றவில்லை. போன ஊர் வீடாயிற்று. இருந்த வீடு வெளியூர் ஆயிற்று! ஏன்? தம்மை ஆட்கொண்ட அன்பு எங்கே இருந்ததோ, அதுவே அவருக்கு வீடு. சுவரும் கூரையும் வீடாகா. நமக்காக விளக்கேற்றிக் காத்திருக்கும் அன்பே வீடு. அத்தகைய அன்போடு ஒவ்வோர் உயிரின் வருகைக்கும் காத்திருப்பவன் இறைவன். ஆகவேதான் அவன் திருவடியையும் வீடு என்றே அழைத்தோம்.

அன்பர்களே! இன்றிரவு வீட்டுக்குச் செல்லும்போது, நெடும்பயணம் சென்று திரும்புகிறவரைப் போலச் செல்லுங்கள். தண்ணீர் தருபவரிடம் ஒரு நல்ல சொல் சொல்லுங்கள். ஊர் காணாத ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த கோடையில் அவரை முதலில் அனுப்பிவையுங்கள். வீட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து, "நம் வீடு போல வருமா?" என்று சொல்லும் இன்பம் அவருக்கும் கிட்டட்டும். அந்த அறம் செய்த இல்லத்தில் ஆத்மநாதன் அழையாமலே வந்து அமர்வான்.

யோகாம்பிகை உடனாய ஆத்மநாதப் பெருமான் திருவருள் யாவரையும் வீடு சேர்க்குமாறு வேண்டி அமைகின்றோம்.

திருச்சிற்றம்பலம்.