விளையாட்டுத் துவக்கு



பிள்ளைகளின் கையில் விளையாட்டுத் துவக்கைக் கொடுக்கலாமா என்ற கேள்வி இலக்கிய உரைக்குரிய பொருள்தானா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். திருவிழாக் கடைக்கு முன்னால், அழுகின்ற பிள்ளையைக் கையில் பிடித்தபடி தாயும் தகப்பனும் தீர்க்கவேண்டிய விடயமல்லவா இது? ஆயினும் புலவர்களும் கதாசிரியர்களும் இந்தக் கேள்வியைச் சுற்றி வந்திருக்கிறார்கள். அத்தோடு, உண்மைத் துவக்கின் சத்தத்துக்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகளை வளர்த்தவர்கள் நாம். நமக்கும் இதில் சொல்ல ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

பிறந்த குழந்தைக்குப் பஞ்சாயுதம் செய்து போடும் வழக்கம் நம்மிடையே உண்டு. சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு என்னும் திருமாலின் ஐந்து படைகளையும் நகமளவு பொன்னில் செய்து கழுத்தில் கட்டுவது. ஐம்படைத்தாலி என்று பழைய நூல்கள் சொல்வதும் இதனைத்தான். பால்குடி மறவாத பிள்ளைக்கு ஆயுதத்தை ஆபரணமாக்கிப் பூட்டிய சமுதாயம் நம்முடையது. அந்த வாள் வெட்டாது, பிள்ளையைக் காக்கும் என்பது நம்பிக்கை.

இந்தத் தாலியோடு போர்க்களத்தில் நிற்கும் ஒரு பிள்ளையைப் புறநானூற்றின் 77ஆம் பாடல் காட்டுகிறது. தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை இடைக்குன்றூர் கிழார் பாடியது. காலிலிருந்த கிண்கிணியைக் கழற்றி வீரக்கழல் பூண்டிருக்கிறான். பாலை விட்டு இன்றுதான் சோறு உண்டிருக்கிறான். தாலியைக்கூட இன்னும் கழற்றவில்லை. அப்படிப்பட்டவன் வில்லேந்தித் தேரில் நிற்பதைப் புலவர் வியந்து பாடுகிறார். அரசனின் இளமையும் வீரமும் ஒருங்கே தோன்றும் அருமையான பாட்டு, ஐயமில்லை. பல ஆண்டுகள் வகுப்பில் இதைப் படிப்பித்தவன் நான். எண்பதுகளின் நடுப்பகுதிக்குப் பின்னர் அந்தப் பாட்டைச் சொல்லும்போது மாணவர் முகத்தைப் பார்ப்பது கடினமாயிற்று. நேற்று வரை பின்வாங்கில் இருந்தவனின் இடம் இன்று வெறுமையாகக் கிடக்கும். பதினைந்து வயது, பதினாறு வயது. அவர்கள் பிறகு கழுத்தில் கட்டிக்கொண்டது காக்கும் தாலி அன்று.

அந்தப் பிள்ளைகள் சிறுவயதில் விளையாட்டுத் துவக்கு வைத்திருந்ததனாலா போனார்கள்? அப்படிச் சொல்வது வசதியான பதில். போனவர்களுக்கு எத்தனையோ காரணங்கள் இருந்தன. விரும்பிப் போனவர்களும் இருந்தார்கள், இழுத்துச் செல்லப்பட்டவர்களும் இருந்தார்கள். கடையில் வாங்கிய துவக்கு எவருடைய கதையிலும் இருந்ததாக நான் அறியேன். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கே மின்கலம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. பொம்மைத் துவக்கை யார் கொண்டுவந்து விற்பார்கள்?

ஆனால் துவக்குக்குப் பஞ்சமே இருக்கவில்லை. தென்னம் மட்டையை வெட்டிச் சீவினால் துவக்கு. அதற்கு வாழைநார் வார். பூவரசங்காய் கைக்குண்டு. எங்கள் ஒழுங்கையில் பின்னேரம் நான்கு மணியானால் 'ஆமியும் இயக்கமும்' தொடங்கிவிடும். ஆமியாக நிற்க ஒருவருக்கும் விருப்பமில்லை. ஆகவே இருப்பவர்களில் சிறியவர்கள்தான் ஆமி. இதைப் பொறுக்கமாட்டாத தாய் ஒருத்தி ஒருநாள் மட்டைகளையெல்லாம் பொறுக்கி அடுப்பில் வைத்தாள். மறுநாள் அவளுடைய வேலியில் நான்கு கதியால் குறைந்திருந்தது. தடை செய்வதன் பலன் அவ்வளவுதான்.

அந்த விளையாட்டில் ஒரு சட்டம் இருந்தது. வெடிபட்டவன் விழவேண்டும், விழுந்து இருபது எண்ணவேண்டும், பிறகு எழும்பி விளையாடலாம். "டேய், நீ செத்தது காணும், எழும்பு!" என்ற குரல் வேலிக்கு மேலால் கேட்கும். ஒருநாள் ஒரு சிறுவன் விழுந்தவன் எழும்பவில்லை. இருபது, நாற்பது, அறுபது என்று மற்றவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். கண்ணை மூடியபடி கிடந்தான். அவனுடைய தமையன் ஷெல்லடியில் போய் ஒரு மாதம் ஆகியிருக்கவில்லை. பிள்ளைகள் மட்டைகளைப் போட்டுவிட்டு அவனைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். ஒருத்தரும் ஒன்றும் பேசவில்லை. கடைசியில் ஒரு சிறுமி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் தெளித்தாள். எழும்பி உட்கார்ந்தான்.

அதன் பிறகு அவர்களே சட்டத்தை மாற்றிக்கொண்டார்கள். இனி ஒருவரும் சாவதில்லை, எல்லாருக்கும் காயம்தான். காயப்பட்டவனைச் சாக்கில் கிடத்தி நாலுபேர் தூக்கிப்போவார்கள். அந்தச் சிறுமிதான் டொக்டர். பெரியவர்களில் எவரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதே விடயத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன ஆங்கில எழுத்தாளர் சாகி. பர்மாவில் பிறந்த ஹெக்டர் ஹியூ மன்றோவின் புனைபெயர் அது. 'சமாதான விளையாட்டுப் பொருட்கள்' என்று தலைப்பைத் தமிழாக்கலாம். போர்ப்பொம்மை கூடாது என்ற கொள்கைப்படி மாமன் ஒருவர் மருமக்களுக்கு நகரசபைக் குப்பைத்தொட்டியின் மாதிரியும், ஜோன் ஸ்ருவேட் மில் என்ற தத்துவஞானியின் உருவமும் வாங்கிவருகிறார். சற்று நேரங்கழித்து எட்டிப்பார்த்தால் குப்பைத்தொட்டியில் பீரங்கிக்குத் துளையிட்டுக் கோட்டையாக்கிவிட்டார்கள். தத்துவஞானி சிவப்பு மையில் தோய்ந்து பிரெஞ்சுத் தளபதியாகிவிட்டார்! இக்கதை நூலில் வெளிவந்த 1919இல் சாகி உயிருடன் இல்லை. வயது கடந்த பின்னரும் தாமாகவே படையில் சேர்ந்து, 1916இல் பிரான்சில் சுடப்பட்டு இறந்தார். அவரது நகைச்சுவையை வாசிக்கும்போது இதையும் நினையாமல் இருக்க முடிவதில்லை.

இத்தாலிய எழுத்தாளர் உம்பேர்ட்டோ எக்கோ 1964இல் தமது சின்ன மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். நான் உனக்குத் துவக்குகளை வாங்கித் தருவேன் என்பதே அதன் சாரம். பிள்ளைப் பருவத்தில் ஆசை தீரப் போர் விளையாடியவர் தாம் என்றும், வளர்ந்தபின் இராணுவ சேவையில் துவக்கைத் தொடாமலே காலத்தைக் கழித்தவர் என்றும் சொல்கிறார். யூதப் படுகொலையை ஒழுங்குசெய்த ஐக்மன், சிறுவனாகக் குப்புறப் படுத்திருந்து, அறிவுறுத்தற் புத்தகத்தின்படி இரும்புத் துண்டுகளைப் பூட்டிக்கொண்டிருப்பதை அவர் கற்பனை செய்துபார்க்கும் இடம் நெஞ்சைத் தொடுவது. மகனோடு தாமும் சேர்ந்து விளையாடி, எந்தப் போரிலும் நியாயம் முழுவதும் ஒரு பக்கத்திலேயே இருப்பதில்லை என்று காட்டிக்கொடுப்பாராம்.

எக்கோ சொல்வதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். சிறியவர்களை மட்டுமே ஆமியாக நிறுத்திய எங்கள் ஒழுங்கையில், இடையிடையே பக்கம் மாறச் சொல்ல ஒரு பெரியவர் தேவைப்பட்டார் என்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் கடையில் எந்தத் துவக்கையும் வாங்கலாம் என்பதுபோல எழுதிச் செல்லும் இடத்தில் என்னால் கூடச் செல்ல முடியவில்லை. உண்மைத் துவக்கைப் போலவே கறுப்பாகவும் கனமாகவும் செய்து விற்கிறார்களே, அவை வேண்டாம். மட்டையைத் துவக்காக்குவது பிள்ளையின் மனம். அந்த வேலையை அச்சொட்டான போலி செய்துவிடுகிறது. அது மட்டுமன்று. விளையாட்டென்று பிள்ளைக்குத் தெரியும், வீதியில் நிற்கும் மூன்றாமவனுக்குத் தெரியாது. அமெரிக்காவில் பொம்மைத் துவக்கின் முனையில் செம்மஞ்சள் நிறம் இருக்கவேண்டும் என்ற சட்டம் 1988இலேயே வந்தது. இருந்தும் 2014 நவம்பரில் கிளீவ்லாந்து நகரப் பூங்காவில், அந்த நிற முனை இல்லாத போலித் துவக்கு ஒன்றை வைத்திருந்த 12 வயதுச் சிறுவனைப் பொலிசார் வந்திறங்கிய கணத்திலேயே சுட்டார்கள். மறுநாள் அவன் இறந்தான். சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி இருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

அண்மையில் ஒரு திருவிழாக் கடையில், என்னிடம் படித்த ஒருவர் மகனோடு நின்றார். பையனின் ஒரு கையில் கறுப்புத் துவக்கு, மறுகையில் தண்ணீர் பீச்சும் பச்சைத் துவக்கு. "எது சேர் வாங்கலாம்?" என்று கேட்டார். பச்சையை வாங்கும், ஆனால் அவன் சுட்டால் நீர் விழவேணும், விழுந்தால் எழும்பவும் வேணும் என்றேன்.

"விழலாம் சேர், இந்த முழங்காலோட எழும்புறதுதான் கஷ்டம்" என்றார். பச்சையை வாங்கிக்கொண்டு போனார்.