பூங்கா வாசலில் ஒரு நிமிடம்

ஆரணியில் பகல் முழுக்கத் தறிக்குழியில் உட்கார்ந்து பட்டு நெய்பவருக்கு, காலாற நடக்க விடியற்காலையிலோ விளக்கு வைத்த பிறகோதான் நேரம் கிடைக்கும். அப்போ பூங்கா பூட்டியிருந்தா, அவருக்கு அது இருந்தும் இல்லாத மாதிரிதானே?

அதனால், வாசல் பலகையில் உள்ள நேரத்தையும் விதிகளையும் போனில் படம் எடுத்து வெச்சுக்கோங்க. சொன்ன நேரத்துக்குத் திறக்கலையா? விளக்கு எரியலையா? முதல்வரின் உதவி மையம் 1100-க்குப் பேசுங்கள். மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரத்தையே மாற்றணுமா? தெருக்காரர்கள் சேர்ந்து நகராட்சி ஆணையரிடம் மனு கொடுங்கள்.

நமக்கும் கடமை உண்டு. மூடும் நேரமானால், காவலர் விசில் ஊதும் முன்பே கிளம்பிடுவோம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. துணி நெய்யும் ஊர் நம்ம ஊர், துணிப்பையோடு வாங்க!