அள்ளிக் கொடுப்பதா, நம்பிக் கொடுப்பதா?



நான் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல ஐயங்கார்குளம். ஊர்ப் பேர்லயே குளம் இருக்கு. அதை வெட்டிவெச்சவர் லட்சுமி குமார தாத்தாச்சாரியார். சித்ரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாளே காஞ்சியிலேருந்து எங்க ஊர் நடவாவிக் கிணத்துக்கு வருவாரு. அதனால, அள்ளிக் கொடுக்கிறதோட பெருமையை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை! (கைதட்டல்)

ஆனா நடுவர் அவர்களே, குளத்துத் தண்ணியை யார் வேணாலும் மொண்டுக்கலாம். குளம் வெட்டினவர் யாரையும் நம்ப வேண்டிய அவசியம் இல்லை. முன்பின் தெரியாத ஒரு லாரி டிரைவர் கையில லட்ச ரூபாயைக் கொடுத்துட்டு, 'நீ திருப்பிக் கட்டுவே, எனக்குத் தெரியும்'னு சொல்றது இருக்கே, அது வேற சங்கதி. அப்படிச் சொன்ன ஒருத்தரைத்தான் இந்த மன்றத்துக்கு அழைச்சுட்டு வந்திருக்கேன். ஸ்ரீராம் குழுமத்தை நிறுவிய ஆர்.தியாகராஜன்.

1937-ல் பிறந்தவர். கணக்குப் படிச்சவர். கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பயின்றார். 1961-ல் இன்சூரன்ஸ் வேலைக்குப் போனார். 1974-ல் ஏ.வி.எஸ்.ராஜா, டி.ஜெயராமன் என்ற இரண்டு நண்பர்களோடு சென்னையில் சீட்டுக் கம்பெனி ஆரம்பித்தார். சீட்டுன்னதும் தாய்மார்கள் பக்கம் ஒரு பெருமூச்சு கேக்குது! (சிரிப்பு) இருபது பேர் மாசம் ஐயாயிரம் கட்டினா லட்ச ரூபாய். அவசரக்காரர் தள்ளி எடுப்பார், தள்ளுனதை மத்தவங்க பங்கு போட்டுக்குவாங்க. எங்க ஊர்ல சீட்டு புடிச்சவங்க ராத்திரியோட ராத்திரியா வீட்டைப் பூட்டிக்கிட்டுப் போன கதை தெருவுக்கு ஒண்ணு உண்டு. அந்தத் தொழில்லதான் இவர் பேர் வாங்கினார்.

அடுத்து, பழைய லாரிக்குக் கடன். உத்திரமேரூர் பக்கம் கல் குவாரிக்கு ஓடுற லாரிகளைப் பாருங்க. பத்து வருஷம் ஓடின வண்டியை, இத்தனை நாள் கிளீனரா, டிரைவரா இருந்தவன் சொந்தமா வாங்கணும்னு ஆசைப்படுறான். பேங்க்ல கேட்டா சம்பளச் சீட்டு எங்கே, சொத்துப் பத்திரம் எங்கேங்கிறாங்க. வெளியே வந்தா கந்துவட்டிக்காரர் காத்துக்கிட்டிருக்கார். தியாகராஜன் போட்ட கணக்கு வேற. இவனுக்கு வண்டிதான் சோறு. சோத்தை எவனும் விட்டுட்டு ஓட மாட்டான். இந்த வண்டி மாசம் எவ்வளவு சம்பாதிக்கும், தவணை எவ்வளவு தாங்கும்னு பார்த்தா போதும்னார். கிரெடிட் ஸ்கோர்னு ஒண்ணு இல்லாத ஜனங்களுக்குக் கடன் கொடுத்தே, 2022-ல் மூன்று கம்பெனிகளை இணைத்து ஸ்ரீராம் ஃபைனான்ஸ் என்ற பெரிய நிறுவனமா அந்தக் குழுமம் நின்னுது.

எதிரணித் தலைவர் கேட்டார்: "வட்டி வாங்குறவன் வள்ளலா?" நியாயமான கேள்வி. வட்டி வாங்கினார், ஐயா. பேங்க் வட்டியைவிடக் கூடத்தான் வாங்கினார். தவணை தவறினா வண்டி கைவிட்டுப் போன குடும்பங்களும் இருக்கும், நான் மறைக்கல. ஆனா கந்துவட்டிக்காரர்கிட்ட வாங்கினவன் கடைசிவரைக்கும் கடன்காரன். இங்கே வாங்கினவன் தவணை முடிஞ்ச அன்னிக்கு முதலாளி! (பலத்த கைதட்டல்) இலவசமா ஒரு வேளைச் சோறு போட்டிருந்தா அவன் கும்பிட்டிருப்பான். கடன் கொடுத்ததால நிமிர்ந்து நின்னு ரசீது கேக்குறான். நடுவர் அவர்களே, கும்பிடு பெருசா, ரசீது பெருசா?

சரி, சம்பாதிச்சதை என்ன பண்ணினார்? அதுக்கு வர்றேன், மணி அடிச்சுடாதீங்க! (சிரிப்பு) 2006-ல் ஸ்ரீராம் ஓனர்ஷிப் டிரஸ்ட்னு ஒண்ணு ஏற்பட்டுது. தன் பங்கையெல்லாம், கூட உழைச்சவங்களுக்காக அதுக்குக் கொடுத்துட்டார். 2023-ல் பத்திரிகைகள் சொன்ன மதிப்பு 75 கோடி டாலருக்கு மேல்; நம்ம ரூபாய்ல ஆறாயிரம் கோடிக்கு மேல். தனக்குன்னு வெச்சுக்கிட்டது ஒரு சின்ன வீடு, ஒரு சின்ன கார். கையில செல்போன்கூட இல்லை. 2013-ல் பத்மபூஷண் கொடுத்தாங்க.

எதிரணி நண்பர்கள் உடனே துள்ளுவாங்க: "பார்த்தியா, இவரும் கடைசியில அள்ளித்தானே கொடுத்தார்!" இல்லீங்க. கோயிலுக்கோ, பேர் பொறிச்ச கட்டடத்துக்கோ அதைக் கொடுக்கல. கம்பெனியை நடத்துறவங்க கையில கொடுத்தார். டிரைவரை நம்பினாரே, அதே மாதிரி இவங்களையும் நம்பினார்.